பெட்டி ஒன்று, துப்பாக்கி வேறு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர் நான்கு படங்கள் அனுப்பியிருந்தார். கூடவே ஒரே ஒரு வரி: "பெரியப்பாவோடது. என்ன விலை போகும்னு சொல்லுங்க."

படத்தில் ஒரு ரிவால்வர். ஆறு அங்குலக் குழல், கை நிறையப் பிடிக்கும் பெரிய மரப்பிடி, குறிபார்க்க, திருகித் திருகி நகர்த்தக்கூடிய பின்சைட். பக்கத்திலேயே ஓரம் நைந்துபோன நீல அட்டைப்பெட்டி. ராணுவத் துப்பாக்கியும் இல்லை, சட்டைப்பைக்குள் மறைத்து வைப்பதும் இல்லை. காகித வட்டத்தின் நடுவில் ஓட்டை போடுவதற்காகவே செய்யப்பட்ட சாதனம். இந்த ரகத்தின் மேல் எனக்குப் பல வருடப் பித்து. வாசிப்பேன், ஏலப் பட்டியல்களைப் புரட்டுவேன், யாராவது காட்டினால் பிடிக்கட்டையைக் கழற்றச் சொல்லி நச்சரிப்பேன். அதனால் இப்படிப் படங்கள் வருவதுண்டு, எல்லாமே விலை கேட்டுத்தான் வரும்.

விலை கடைசியில் வருவது. முதலில் இது என்ன என்று தெரியவேண்டும். அப்புறம் இதற்கு என்னவெல்லாம் நடந்திருக்கிறது என்று தெரியவேண்டும். இந்த இரண்டாவது கேள்விதான் குறிசுடும் துப்பாக்கிகளில் ஆளைப் பாடாய்ப்படுத்தும். ராணுவத் துப்பாக்கியை வைத்திருந்தவன் அதில் கைவைத்தால் தண்டனை. அலமாரி இழுப்பறைத் துப்பாக்கியை யாரும் தொடுவதே இல்லை. ஆனால் போட்டிக்குப் போகிறவன், ஒரு புள்ளி கூடும் என்றால் அன்று ராத்திரியே அரத்தை எடுத்துவிடுவான். பிடியை மாற்றுவான், சைட்டை மாற்றுவான், விசையை இளக்குவான், குழலுக்கு எடை கட்டுவான். ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கும் குறித்துப்பாக்கி என்றால், பெரும்பாலும் அதை வாங்கியவர் அதிகம் சுடவில்லை என்று அர்த்தம். சேகரிப்பவர்கள் அதற்குத்தான் அதிகம் கொடுக்கிறார்கள். எனக்கு இது எப்போதுமே கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும்.

நண்பருக்கு நான் முதலில் எழுதிய பதில் விலையைப் பற்றியதில்லை. "உருளையைத் திறந்து ஆறு அறையும் காலி என்று பாருங்கள். உரிமம், மாற்றிக்கொள்ளும் விதி எல்லாம் உங்கள் ஊர்ச் சட்டப்படி சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். மற்றது அப்புறம்." இரண்டையும் அவர் ஏற்கெனவே முடித்திருந்தார். நல்ல மனிதர்.

ரிவால்வர் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. அந்த நிறுவனத்தின் நடுத்தர உடலுக்குக் 'கே' என்று பெயர். அதில் .22 ரிம்ஃபயர் (விளிம்பில் அடித்தால் வெடிக்கும் சின்னத்) தோட்டாவுக்காகச் செய்த குறி ரிவால்வர்தான் கே-22. நண்பர் அனுப்பியதும் அதுதான். 1930களின் தொடக்கத்தில் 'அவுட்டோர்ஸ்மேன்' என்ற பெயரில் வந்தது. 1940இல் 'மாஸ்டர்பீஸ்' என்று புதுப்பித்தார்கள், ஆயிரத்துச் சொச்சம் செய்வதற்குள் போர் வந்து உற்பத்தி நின்றுவிட்டது. போருக்குப் பிறகு, 1946இன் கடைசியில், வரிசை எண்ணுக்கு முன்னால் 'கே' என்ற எழுத்தைச் சேர்த்து 101இலிருந்து மறுபடி தொடங்கினார்கள். கே-22, கே-32, கே-38 என்று மூன்று உடன்பிறப்புகள். மூன்றும் கையில் ஒரே எடையாக இருக்கவேண்டும் என்பதற்காகக் குழலின் மேல் ஓடும் பட்டையின் அகலத்தைக் கூட்டிக் குறைத்தார்கள். சின்னத் துளை என்றால் குழலில் இரும்பு அதிகம் மிஞ்சும், அதனால் பட்டை ஒல்லி. பெரிய துளைக்குப் பட்டை அகலம். மூன்றில் கே-32 குறைவாகவே விற்றது. இன்று அதைத்தான் ஆளாளுக்குத் தேடுகிறார்கள்.

வருடத்தைக் கண்டுபிடிக்க ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் ஒரு சுகமான வழி உண்டு, திருகாணிகளை எண்ணுவது. பழைய உடலில் உள்பாகங்களை மூடும் பக்கத்தட்டைப் பிடிக்க நான்கு, விசைக்காப்பின் முன்னால் ஒன்று, ஆக ஐந்து. 1955 வாக்கில் பக்கத்தட்டின் மேல் திருகாணி போனது. 1961 வாக்கில் விசைக்காப்புத் திருகாணியும் போய் மூன்றானது. நண்பர் எண்ணிப்பார்த்து "நாலுதான் இருக்கு" என்றார். இதில் எல்லோரும் ஒருமுறை விழுவார்கள். ஒரு திருகாணி பிடிக்கட்டைக்கு அடியில் ஒளிந்திருக்கும். மேல் திருகாணி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். இருந்தது. ஐந்து திருகாணிக்காரர்.

1957இல் நிறுவனம் பெயர்களை விட்டுவிட்டு எண்களுக்கு மாறியது. கே-22 மாடல் 17 ஆனது, கே-32 மாடல் 16, கே-38 மாடல் 14. உருளையை வெளியே சாய்த்தால் அது உட்காரும் பள்ளத்தில் இந்த எண் பொறித்திருக்கும். நண்பரின் துப்பாக்கியில் அது இல்லை. அதற்குப் பதில், அதே பள்ளத்தில் ஏதோ ஓர் ஐந்து இலக்க எண். அதைத்தான் அவர் வரிசை எண் என்று அனுப்பியிருந்தார். அதை வைத்துத் தேடினால் எதுவும் பொருந்தாது. அந்த எண், ஆலையில் பாகங்களை ஒன்றாகச் சேர்த்து வைக்கப் போட்டுக்கொண்ட அடையாளம். உண்மையான வரிசை எண் பிடியின் அடிப்புறத்தில், இரும்பிலேயே இருக்கும். இவருடைய பெரிய பிடிக்கட்டை அதை முழுக்க மூடியிருந்தது. குழலின் அடிப்பக்கத்திலும் உருளையின் பின்முகத்திலும் அதே எண் மறுபடி இருக்கவேண்டும். மூன்றும் ஒத்துப்போனால் குழலும் உருளையும் பிறந்ததிலிருந்து இந்த உடலோடுதான் இருக்கின்றன.

இதெல்லாம் சொல்லிவிட்டு, படத்தை மட்டும் பார்த்து நான் ஒரு தப்பு செய்தேன். "பூச்சு அசல். தொண்ணூற்றைந்து சதவீதத்துக்கு மேல் இருக்கிறது" என்று எழுதிவிட்டேன்.

அந்தச் சதவீதக் கணக்கைச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த உலகமே அதில்தான் சுற்றுகிறது. துப்பாக்கியின் கருநீலம் பெயின்ட் கிடையாது. இரும்பின் மேல்தோலையே கட்டுப்பாட்டோடு ஆக்சைடாக மாற்றுவதால் வரும் நிறம். ஆலையில் போட்டதில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைச் சதவீதமாகச் சொல்வார்கள். குழல் முனையில் உறை உரசி வெளுத்தது, பிடியின் முன்பக்கம் வியர்வையில் பழுப்பானது, எல்லாவற்றையும் கழிப்பார்கள். விலை இந்தச் சதவீதத்தோடு நேர்கோட்டில் ஏறாது. அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவில் பெரிதாக ஒன்றும் மாறாது. தொண்ணூற்றைந்தைத் தாண்டினால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஆள் சண்டைக்கு வருவார்கள்.

அதனால்தான் மறுபூச்சு பெரிய விஷயம். மறுபடி நிறம் ஏற்றவேண்டுமானால் முதலில் பழையதைத் தேய்த்து எடுக்கவேண்டும். தேய்த்தால் கூர்மையான ஓரங்கள் மழுங்கும், எழுத்துகளின் ஒரு பக்கம் மங்கும், திருகாணித் துளையைச் சுற்றிக் கிண்ணம் போலக் குழியும். துருக்குழியின் உள்ளேயும் பளபளவென்று நீலம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், குழி முதலில் வந்தது, நீலம் பிறகு வந்தது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் இன்னொரு சோதனை, தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலும் விசையும். இவற்றை நிறுவனம் நீலமாக்காது. மேற்பரப்பைக் கடினமாக்கும் முறையில், தண்ணீரில் எண்ணெய் படர்ந்தது மாதிரி பழுப்பும் நீலமும் சாம்பலும் கலந்து நிற்கும். அவையும் ஒரே நீலமாகவோ நிக்கலாகவோ இருந்தால், யாரோ எல்லாவற்றையும் ஒன்றாக முக்கி எடுத்திருக்கிறார்கள்.

நண்பரின் ரிவால்வர் இந்தச் சோதனை எல்லாவற்றிலும் தேறியது. ஓரங்கள் கூர்மை, எழுத்துகள் தெளிவு, சுத்தியலில் நிறங்கள் அப்படியே. "பிடியைக் கழற்றி அடியில் இருக்கும் எண்ணைப் படம் எடுங்கள். சரியான திருப்புளி இல்லாமல் தொடாதீர்கள்" என்று மட்டும் சொன்னேன். திருகாணியின் வெட்டு சிதைந்திருந்தால் வாங்குகிறவர் முதலில் அதைத்தான் பார்ப்பார். உள்ளே யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்பதற்கு அது ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி.

சாயங்காலம் படம் வந்தது. வரிசை எண், முன்னால் 'கே'. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம். பிடிக்கு அடியில் உடலின் இடப்பக்கம் '6.59'.

நட்சத்திரம் இருந்தால் துப்பாக்கி ஒருமுறை ஆலைக்குத் திரும்பிப் போய் வந்திருக்கிறது. '6.59' என்பது மாதமும் ஆண்டும். 1959 ஜூனில் பெரியப்பா இதைச் செய்த இடத்துக்கே அனுப்பிப் புதிதாக நிறம் ஏற்றி வாங்கியிருக்கவேண்டும். அதே மாதிரிச் சக்கரங்களில், அந்த வேலையே தொழிலாக இருந்தவர்கள் தேய்த்ததால் ஓரம் மழுங்கவில்லை, சுத்தியலையும் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள். என் தொண்ணூற்றைந்து சதவீதம் காற்றில் போனது. ஆலையே செய்த மறுபூச்சு, தெருவோரப் பட்டறை வேலையை விடப் பல படி மேல். ஆனாலும் அசலுக்குக் கொடுப்பதை அதற்கு யாரும் கொடுப்பதில்லை. நண்பரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "அப்ப நீங்க சொன்ன விலை?" "நான் இன்னும் விலையே சொல்லலையே" என்று தப்பித்தேன்.

கோல்ட் நிறுவனத்தின் துப்பாக்கியாக இருந்திருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். ஜான் பிரௌனிங் வடிவமைத்த அவர்களுடைய .22 பிஸ்டல் 1915இல் வந்தது. இன்று எல்லோரும் 'வுட்ஸ்மேன்' என்று சொல்வது அதைத்தான். ஆனால் 1927 வரை அந்தப் பெயரே கிடையாது, வெறும் 'டார்கெட் மாடல்'. பக்கவாட்டில் வுட்ஸ்மேன் என்ற எழுத்து இல்லையே, போலியோ என்று பயந்தவர்களை எனக்குத் தெரியும். இல்லாததுதான் அதன் வயதுக்குச் சாட்சி. இதில் வெறும் சேகரிப்பைத் தாண்டிய ஒரு விஷயமும் இருக்கிறது. 1930களின் தொடக்கம் வரை வந்தவை அதிவேகத் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பிடியின் பின்புறம், உள்ளங்கை படும் இரும்புப் பகுதியைப் பார்த்தால் தெரிந்துவிடும். கட்டம் கட்டமாகச் செதுக்கியிருந்தால் பழையது, குறுக்குக் கோடுகள் என்றால் அதிவேகத் தோட்டாவைத் தாங்குவது. பார்க்காமல் இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுட்டு ஒரு நல்ல பிஸ்டலைப் பாழாக்கக்கூடாது.

1938இல் வந்த மேட்ச் டார்கெட் வுட்ஸ்மேனின் பிடி ஒரே மரத்துண்டில் வளைத்துச் செய்தது. இரண்டு பக்கமும் விரிந்து நிற்பதால் 'யானைக்காது' என்று செல்லப்பெயர். அழகுதான், ஆனால் எளிதில் பிளக்கும். பிளந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சாதாரணப் பிடியை மாட்டியவர்கள் ஏராளம். அதனால் இன்று அந்த மரத்துண்டு மட்டுமே தனியாக ஏலத்தில் வருகிறது, நகல்களும் வருகின்றன. பிஸ்டல் ஒரு கையிலும் பிடி இன்னொரு கையிலும் இருந்து, நடுவில் இரண்டும் சந்தித்துக்கொள்வதை எல்லாம் பார்த்திருக்கிறேன்.

ரூகர் பிஸ்டலில் பிடியில் இருக்கும் கழுகு முத்திரையைப் பார்ப்பார்கள். 1949இல் தொடங்கியபோது கழுகின் பின்னணி சிவப்பு. பங்குதாரர் அலெக்ஸாண்டர் ஸ்டர்ம் 1951இல் இளம் வயதில் இறந்துபோக, துக்கத்துக்காகக் கறுப்பாக்கினார்கள். சிவப்புக் கழுகு என்றால் முதல் இரண்டு மூன்று வருடச் சரக்கு, விலை கூடுதல். பிடியை மாற்றுவது ஐந்து நிமிட வேலை என்பதையும் மறக்கக்கூடாது. முத்திரையோடு வரிசை எண்ணும் ஒத்துப்போகவேண்டும். ஹை ஸ்டாண்டர்டில் ஊர்ப்பெயர்தான் எல்லாம். வில்லியம் மெக்மில்லன் 1960 ரோம் ஒலிம்பிக்கில் விரைவுச்சூட்டில் தங்கம் வாங்கியது அந்த நிறுவனத்தின் பிஸ்டலில். ஹாம்டன் என்று பொறித்தவற்றைத் தேடுகிறார்கள், பின்னாளில் கிழக்கு ஹார்ட்ஃபோர்டில் செய்தவற்றுக்கு அந்த அளவு மவுசு இல்லை.

ஐரோப்பியத் துப்பாக்கிகளில் இன்னொரு வசதி, அரசுச் சோதனை முத்திரை. ஜெர்மானியத் துப்பாக்கிகளில் போருக்குப் பிந்தைய முத்திரையோடு, சோதித்த ஆண்டைச் சொல்லும் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். ஏ என்றால் 0, பி என்றால் 1, இப்படியே போய், ஜே என்ற எழுத்தை மட்டும் விட்டுவிட்டு, கே என்றால் 9. 'ஐஎச்' என்றிருந்தால் 87, அதாவது 1987. மான்கொம்பு இருந்தால் உல்ம் நகரத்துச் சோதனைச்சாலை. அமெரிக்காவில் இப்படி அரசுச் சோதனை முறையே இல்லாததால்தான் அங்கே திருகாணியை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் எனக்கு மிகப் பிடித்தவை விலை குறைவாகப் போகிறவைதான். மிகயீல் மர்கோலின் என்ற சோவியத் வடிவமைப்பாளர் இளமையிலேயே பார்வை இழந்தவர். களிமண்ணிலும் மெழுகிலும் மரத்திலும் பாகங்களைப் பிடித்துப் பிடித்து, விரலால் தடவிப் பார்த்தே ஒரு .22 பிஸ்டலை உருவாக்கினார். அது உலகப் போட்டிகளுக்குப் போனது. குறிபார்க்கும் கருவியைக் கண்ணில்லாதவர் செய்தார் என்றால் நம்பச் சிரமமாக இருக்கிறது, ஆனால் அதன் பிடியைக் கையில் வாங்கினால் நம்பலாம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்குக்குச் சோவியத் அணி தலைகீழான பிஸ்டல் ஒன்றைக் கொண்டுவந்தது. குழலைக் கைக்கு நேராக வரும்படி கீழே இறக்கிவிட்டார்கள், சுட்டால் முனை மேலே எகிறாது. அதோடு அந்த ஜாதிக்குத் தடை வந்தது. இன்றும் இருபத்தைந்து மீட்டர் போட்டிப் பிஸ்டல் 300 × 150 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்கவேண்டும் என்று விதி இருக்கிறது.

ஐம்பது மீட்டர் ஃப்ரீ பிஸ்டலுக்கு அந்தப் பெட்டியும் இல்லை. ஸ்விட்சர்லாந்தின் ஹாமர்லி செய்த பழைய ஃப்ரீ பிஸ்டல்களின் உலோக வேலைப்பாடு கடிகார வேலை மாதிரி. பிடியோ ஒருவருடைய கையை அச்செடுத்தது போலச் செதுக்கியது, இன்னொருவர் கை அதற்குள் நுழையவே நுழையாது. ஐம்பது மீட்டர் பிஸ்டல் 2016 ரியோவோடு ஒலிம்பிக்கிலிருந்தும் போய்விட்டது. ஆகவே வேலைப்பாட்டுக்கும் விலைக்கும் சம்பந்தமில்லாமல் கிடக்கிறது. அரிது என்பதால் மட்டும் விலை வந்துவிடாது, அதற்கு ஆசைப்படுகிற இரண்டு பேராவது வேண்டும்.

குழலின் உட்புறத்தை வைத்தும் வயது சொல்லலாம், அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தவரின் குணத்தையும் சொல்லலாம். அந்தக் காலத் தோட்டாவின் பற்றுமருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் குழலில் தங்குவது ஒருவகை உப்பு. காற்றின் ஈரத்தை இழுத்து ராத்திரியோடு ராத்திரியாகத் துருவாக்கும். 1920களின் பிற்பாதியில் துருப்பிடிக்க வைக்காத மருந்து பரவும் வரை, சுட்ட அன்றே கழுவாதவரின் குழல் உள்ளே அம்மைத் தழும்பாகிவிடும். வெளியே மினுங்கி உள்ளே அரித்தது நிறைய உண்டு. விளக்கைப் பிடித்து உள்ளே பார்க்காமல் காசு கொடுக்கிறவரை என்ன சொல்வது.

சரி, விலை. ஒரே துப்பாக்கிக்கு மூன்று விலை உண்டு. காப்பீட்டுக்கு எழுதுவது ஒன்று, ஏலத்தில் வாங்குகிறவர் கட்டுவது ஒன்று, வியாபாரி இன்று கையில் தருவது ஒன்று. மூன்றுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பார்த்தால் வாரிசுகள் எல்லோரும் யாரோ தங்களை ஏமாற்றுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்கவே வேண்டாம், முடிந்த ஏலத்தின் விலையைப் பாருங்கள். அதிலும் ஏலக்காரரின் தரகு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் கோல்ட்டும் கட்டணம் வாங்கிக்கொண்டு பழைய பதிவேட்டிலிருந்து கடிதம் தருகிறார்கள். எந்தத் தேதியில், எந்த நீளக் குழலோடு, எந்தப் பூச்சில், யாருக்கு அனுப்பினோம் என்று. அந்தக் கடிதம் கையில் இருந்தால் "ஒரு சாம்பியன் சுட்டது" என்கிற கதைகளில் பாதி உதிர்ந்துவிடும்.

மாற்றங்களுக்கும் கணக்கு இருக்கிறது. விசையின் மேல் மாட்டும் அகலமான 'ஷூ' ஒன்று அந்தக் காலத்தில் எல்லோரும் போட்டுக்கொண்டது. கழற்றினாலும் அதன் சின்னத் திருகாணி பக்கவாட்டில் கீறலை விட்டுப்போகும். விலையில் கழிவுதான். தொலைநோக்கிக்காகத் துளை போட்டது பெரிய கழிவு. ஆனால் அதே ரிவால்வரில் சான் ஃபிரான்சிஸ்கோவின் கிங் நிறுவனம் பொருத்திய பட்டையும் சைட்டும் இருந்தால் விலை ஏறும். இரண்டுமே அசலைக் கெடுத்தவைதான். எந்தக் கை கெடுத்தது என்பதில் இருக்கிறது வித்தியாசம். பெரியப்பாவின் ரிவால்வரில் விசையின் இரண்டு பக்கமும் ஷூவின் கீறல் இருந்தது. எனக்கென்னவோ அந்தக் கீறலைப் பார்த்தபோதுதான் அவரை முதன்முதலாகத் தெரிந்துகொண்டது போல இருந்தது.

கடைசியாகப் பெட்டி. அசல் பெட்டி கூட இருந்தால் விலை கணிசமாக ஏறும். அந்தக் காலத்துப் பெட்டியின் அடியில் மெழுகுப் பென்சிலால் வரிசை எண்ணை எழுதி அனுப்புவார்கள். நண்பரைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். எண் இருந்தது, முன்னால் 'கே'வும் இருந்தது. ஆனால் துப்பாக்கியின் எண் அதுவல்ல. ஓரத்துச் சீட்டைத் துடைத்துப் படித்தால் 'கே-38' என்று போட்டிருந்தது. உள்ளே காகிதத்தில் சுற்றி ஒரு ஜோடி சின்ன மரப்பிடிகள், திருகாணியைச் சுற்றி வைரக்கட்டம் விட்டவை. வலப்பக்கத் துண்டின் உள்ளே அச்சிட்ட எண் பெட்டியின் எண்ணோடு கச்சிதமாகப் பொருந்தியது. பெட்டியும் பிடியும் சொந்தம், ரிவால்வர்தான் விருந்தாளி.

நண்பர் பெரியம்மாவிடம் கேட்டிருக்கிறார். "ரெண்டு வச்சிருந்தார். கூடச் சுடுறவர் ஒருத்தருக்கு ஒண்ணைக் கொடுத்துட்டார். அலமாரியில எந்தப் பெட்டி கைக்கு வந்துச்சோ அதுல வச்சுக் கொடுத்தார்" என்றாராம். எந்த வருடம், யாருக்கு, எதுவும் நினைவில்லை.

நண்பருக்கு இரண்டு எண்கள் எழுதி அனுப்பினேன், ஒன்று வியாபாரி தருவது, இன்னொன்று ஏலத்தில் வரக்கூடியது. அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்தக் கே-38 வச்சிருக்கிறவர்கிட்ட நம்ம பெட்டி இருக்கும் இல்ல?" என்றார்.

இருக்கும். இந்நேரம் அவருடைய வாரிசு யாரோ அடிப்புறத்து எண்ணைப் பார்த்துக் குழம்பி, யாருக்கோ நான்கு படங்கள் அனுப்பியிருப்பார்.